அலை ஓய்ந்து கடலாட முடியுமா?

கடலில் குளிக்க வந்த ஒருவன், அலை ஓயட்டும், பிறகு இறங்கலாம் என்று கரையிலேயே நின்றானாம். அலையும் ஓயவில்லை, அவனும் குளிக்கவில்லை. "அலை ஓய்ந்து கடலாட முடியுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பது இதை வைத்துத்தான். நம் வீட்டுப் பெண்களிடம் பேசிப் பாருங்கள். "இந்தத் தீபாவளி முடியட்டும், பெரியவனுக்குப் பரீட்சை முடியட்டும், கூட்டுப் பணம் கட்டி முடியட்டும், அப்புறம்தான் கொஞ்சம் நிம்மதியாக உட்காரணும்" என்பார்கள். அடுத்த ஆண்டு பார்த்தால் வேறொரு தீபாவளி, வேறொரு பரீட்சை. உட்கார்ந்தபாடில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பெரிய விஷயமில்லை. கைவேலை நடக்கும் வீடுகளைப் பற்றித்தான். தையல், பூத்தொடுத்தல், முறுக்குச் சுடுதல், தோரணம் பின்னுதல், கோலம் போடுதல் என்று எப்பொழுதும் ஏதாவது ஒன்று உருவாகிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் தோட்டங்களில் எத்தனையோ இருந்தன; இன்றும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வீடு கலகலப்பாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தக் கலகலப்பை அனுபவிக்க நேரம் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பால்மரம் வெட்டும் வீட்டில் விடியற்காலை 4 மணிக்கே அடுப்பு எரியும். இத்தனை சீக்கிரம் ஏன் என்று சிறு பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குக் காரணம் மரத்திடம் இருக்கிறது. மரப்பட்டைக்குள் மெல்லிய குழாய்களில் பால் நிற்கிறது. இரவில் இலைகள் வழியே நீர் அதிகம் ஆவியாவதில்லை. ஆகவே மரத்துக்குள் நீர் நிறைந்து, அந்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். அந்த நேரத்தில் உளி பட்டால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியே விடும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். எனவே மரத்துக்கு ஏற்றபடிதான் மனிதர் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது மதியம் ஆகிவிடும். "மதியத்தோடு வேலை முடிந்துவிடுகிறதே, பாக்கி நாள் முழுக்க ஓய்வுதானே?" என்று பட்டணத்தில் சிலர் கேட்டதுண்டு. அவர்கள் ஒரு நாளாவது ஆயாக் கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்து, குழாயடியில் வரிசை நின்று, துணி துவைத்து, சோறாக்கிப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் இத்தனைக்கும் மேலே ஒரு தையல் மிஷின் இருந்தது. காலால் மிதிக்கும் சிங்கர் மிஷின், தவணைக்கு வாங்கியது. மிஷின் வந்த புதிதில் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாயங்காலம் குளித்துவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு, வானொலியைத் திருகிவிட்டு, மிஷினுக்கு முன்னால் உட்காருவார்கள். பழைய சேலையில் தலையணை உறை, அப்பாவின் கிழிந்த காற்சட்டையில் தம்பிக்கு ஓர் அரைக்காற்சட்டை என்று ஏதாவது பிறந்துகொண்டே இருக்கும். பாட்டுக்கு ஏற்றபடி மிதிப்பதும் உண்டு. மெதுவான பாட்டு வந்தால் தையலும் மெதுவாகப் போகும். நாங்கள் பிள்ளைகள் மூவரும் சுற்றி உட்கார்ந்து சிரிப்போம்.

இது எப்படி மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். 1973-ல் உலகத்தில் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதைத் தொடர்ந்து 1974-ல் நம் நாட்டில் அரிசி, சீனி என்று எல்லாமே விலை ஏறிற்று. அந்த ஆண்டு கித்தா விலை மட்டும் இறங்கிற்று. வீட்டில் கணக்கு உதைத்தது. அண்டை வீட்டுக்காரர்களுக்குச் சும்மா தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, கூலிக்குத் தைக்க ஆரம்பித்தார்கள். ரவிக்கைக்கு இவ்வளவு, கவுனுக்கு இவ்வளவு. நன்றாகத் தைப்பார்கள் என்று பக்கத்துத் தோட்டம் வரைக்கும் பெயர் போயிற்று. பட்டணத்துக் கடை ஒன்றும் பள்ளிச் சீருடை தைக்கத் துணி அனுப்பியது. அந்தக் கடை காசைப் பண்டிகைக்குப் பிறகுதான் கொடுத்தது என்பது வேறு கதை.

அந்தத் தீபாவளிக்கு முன்னாலுள்ள ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் முழுதாகப் பேசவில்லை என்றே சொல்லலாம். தோட்டத்து ஜெனரேட்டர் இரவு 10 மணிக்கு நின்றுவிடும். அதற்கு மேல் மண்ணெண்ணெய் விளக்கு. கட்டிலுக்கு மேல், கட்டிலுக்குக் கீழ், அரிசித் தகரத்தின் மேல் எல்லாம் வெட்டிய துணி. தொட்டால் திட்டு. வானொலி பாடிக்கொண்டுதான் இருந்தது. "அம்மா, உங்களுக்குப் பிடிச்ச பாட்டு!" என்று தங்கை ஓடி வந்து சொன்னபோது, "அது எப்ப போட்டான்?" என்று கேட்டார்கள். பாட்டு முடிந்துவிட்டிருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் நள்ளிரவில் கடைசி ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடித்தார்கள். அப்பொழுதுதான் தங்கைக்கு எடுத்து வைத்திருந்த துணி மடித்தபடியே பெட்டியில் இருப்பது நினைவுக்கு வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அம்மா தைத்த புதுச் சட்டை. தங்கைக்குப் போன வருஷத்துக் கவுன். ஓரத்தைப் பிரித்து இறக்கிவிட்டது. பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரிந்தது. அவள் அழவில்லை. "பரவால்லம்மா, யாருக்கும் தெரியாது" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட அம்மா தாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறோம்.

இதிலே யாரைக் குறை சொல்வது? காசு தேவைப்பட்டது, அதைச் சம்பாதித்தது தவறில்லை. அந்த மிஷின் சம்பாதித்த வெள்ளியில்தான் எங்களுக்குப் புத்தகமும் செருப்பும் வந்தன. ஆனால் எந்தக் கைவேலை அம்மாவுக்கு இன்பமாக இருந்ததோ, அதுவே நாலு வாரத்தில் சுமையாகிவிட்டது. வேலை மாறவில்லை; அதே ஊசி, அதே நூல். என்னதான் நடந்தது?

இதை விளங்கிக்கொள்ள மல்லிகையைப் பார்க்கலாம். தலையில் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம். வைத்த கொஞ்ச நேரம் மணக்கும். பிறகு மணம் தெரிவதில்லை. பூவில் மணம் போய்விட்டதா? இல்லை, பின்னால் வருகிறவருக்கு நன்றாக மணக்கிறது. நம் மூக்கு ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால், அதைப் பற்றி மூளைக்குச் செய்தி அனுப்புவது குறைந்துகொண்டே வரும். எது புதிதாக வருகிறதோ அதற்குத்தான் மூக்கும் மூளையும் முதலிடம் கொடுக்கும். பால் கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒட்டுப்பால் நாற்றம் தெரியாமல் போவதும் இதனால்தான். சிறிது நேரம் வெளியே சென்று காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வந்தால் மணமும் தெரியும், நாற்றமும் தெரியும்.

மூக்குக்கு மட்டும் இந்தக் குணம் என்று நினைக்க வேண்டாம். பாட்டு கேட்பதும், இனிப்புச் சாப்பிடுவதும், கைவேலை செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். ஓயாமல் இருந்தால் மனம் அதைக் கவனிப்பதை விட்டுவிடும். அதோடு அவசரமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எனவே சின்ன இன்பம் சின்னதாகவே இருக்க வேண்டும். நடுவே இடைவெளி இருக்க வேண்டும். பெரிய விருந்தாக வருஷத்துக்கு ஒரு முறை வைப்பதைக் காட்டிலும், நாள்தோறும் ஒரு கரண்டி வைப்பது மேல்.

எங்கள் அம்மா இதையெல்லாம் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் அடுத்த ஆண்டு இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஷின் மேல் துணி போட்டு மூடிவிடுவார்கள். அன்று கூலித் தையல் கிடையாது. "வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நாள்" என்று சொல்லிவிட்டால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மற்றொன்று, ஒரு கணக்கு நோட்டு. தீபாவளிக்கு முன்னால் 6 வாரம். அதாவது 42 நாள். வெள்ளிக்கிழமை ஆறைக் கழித்தால் 36. ஒரு நாளைக்கு ஓர் உருப்படி என்றால் 36 உருப்படி. நோட்டில் 36 வரி போட்டு, முதல் மூன்று வரியில் எங்கள் மூவர் பெயரையும் எழுதச் சொன்னார்கள். எழுதியது மூத்த பிள்ளை. அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. மற்ற 33 வரியும் நிரம்பிய பிறகு துணி கொண்டு வந்தவர்களிடம், "அக்கா, பொங்கலுக்குத் தச்சித் தரேன், கோவிச்சுக்காதீங்க" என்றுவிட்டார்கள். சிலர் கோபித்துக்கொண்டார்கள். கொஞ்சம் காசும் குறைந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் குறைந்தது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்ததால், அதற்கு ஏற்றபடி செலவைச் சுருக்க முடிந்தது.

இதிலே அப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு. வெள்ளிக்கிழமைப் பாத்திரம் முழுவதும் அவர் கைக்கு மாறியது. குழாயடியில் அவர் பானை கழுவுவதைப் பார்த்து, "என்ன, ஆம்பளை பானை கழுவுறதா?" என்று ஒருவர் கேட்டார். "என் வீட்டுப் பானையைத்தானே கழுவுறேன்" என்று பதில் வந்தது. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டுப் பெண்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று பேசுவது எளிது. அந்த அரைமணி நேரத்துப் பாத்திரத்தை யார் கழுவுவது என்று முடிவு செய்யாமல் பேசினால் அது வெறும் பேச்சு. பிள்ளைகள் அரிசி களையலாம், பையன்களும் களையலாம்.

சரி, அந்த வெள்ளிக்கிழமை மாலையில் என்னதான் செய்தோம்? பெரும்பாலும் பூத்தொடுத்தோம். வாசலில் ஒரு குண்டுமல்லிச் செடி. அரிசி கழுவிய நீரெல்லாம் அதற்குத்தான். பூத்து ஓய்ந்ததும் கிளைகளை நறுக்கிவிட்டால் புதுத் துளிர் வரும். துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். நறுக்க மனம் வராமல் விட்டுவிடுகிறவர்களுடைய செடி வெறும் இலையாக வளரும். மொட்டைப் பிற்பகலில் பறிக்க வேண்டும். வெள்ளையாகி, பருத்து, ஆனால் வாய் திறக்காமல் இருக்கும் பருவம். இருட்டத் தொடங்கியதும் விரிய ஆரம்பிக்கும். விரிந்த பூவைத் தொடுத்தால் இதழ் நசுங்கும். காய்ந்த வாழைச்சருகைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்தால் நார் கிடைக்கும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர வைத்து, நாரைச் சுற்றி, ஒரு வளையம் போட்டு இழுக்க வேண்டும். அதிகம் இழுத்தால் காம்பு அறுந்துவிடும். தளர்த்திவிட்டால் சரம் உதிரும். தங்கை தொடுத்த சரம் முதல் ஆறு மாதம் கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வழியெங்கும் உதிர்ந்துவிடும்.

பூத்தொடுக்கும்போது கை வேலையாக இருக்கும். காது சும்மா இருக்கும். அப்பொழுது எங்களில் ஒருவர் பள்ளிக்கூடத்து நூலகப் புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. படிக்கிற பிள்ளைக்குப் பூத்தொடுக்கும் வேலை கிடையாது; அதனால் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு படித்தோம். எழுத்து அதிகம் தெரியாத அம்மா இப்படித்தான் எத்தனையோ கதைகளைக் கேட்டார்கள். கதை நல்ல கட்டத்தில் இருக்கும்போது பூ தீர்ந்துவிட்டால், "அடுத்த வாரம்" என்று புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாரமும் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

கோலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோலத்தில் எத்தனை கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு நாள் தம்பிதான் கண்டுபிடித்தான். இடுக்குப் புள்ளிக் கோலம் உங்களுக்குத் தெரியும். நடு வரிசையில் 7 புள்ளி. அதற்கு மேலும் கீழும் 6, 5, 4 என்று இடுக்கிலே வைத்துக் குறைத்துக்கொண்டு போவது. மொத்தம் எத்தனை? 37. இதையே 5-ல் தொடங்கி 3-ல் முடித்தால் 19. மூன்றில் தொடங்கி இரண்டில் முடித்தால் 7. நடுவே ஒரே ஒரு புள்ளி என்றால் 1. இந்த எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 1, 7, 19, 37. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் 6, 12, 18. ஆறாம் வாய்ப்பாடு! அப்படியானால் 9-ல் தொடங்கி 5-ல் முடியும் கோலத்துக்கு 37-டன் 24 கூட்டி 61 புள்ளி இருக்க வேண்டும். வைத்து எண்ணிப் பார்த்தோம், சரியாக 61. காரணமும் எளிதுதான். அந்தக் கோலம் ஆறு பக்கமுள்ள உருவம்; ஒரு சுற்றுப் பெரிதாக்கும்போது ஆறு பக்கத்துக்கும் ஒவ்வொரு புள்ளி கூடுகிறது. கணக்கில் பின்தங்கியிருந்த தம்பி, அன்று தோட்டத்து லயம் முழுவதும் வாசல் வாசலாகப் போய்ப் புள்ளி எண்ணினான்.

கோலம் அரிசி மாவில் போட்டால் எறும்பு தின்னும், கால் பட்டு அழியும். மறுநாள் வாசல் மறுபடியும் வெறுமையாக இருக்கும். பழகிப்போய் அலுத்துவிடுவதற்கு அதில் வழியே இல்லை.

தையல்காரர் வீட்டில் ஒரு பொருள் மட்டும் குறைவில்லாமல் கிடைக்கும், வெட்டுத் துண்டு. 1974 தீபாவளியில் சேர்ந்த துண்டுகள் மட்டும் ஒரு மாவுச் சாக்கு நிறைய இருந்தன. அதிலே அம்மாவும் தங்கையும் ஒரு போர்வை தைக்க ஆரம்பித்தார்கள். அவசரம் இல்லை, கெடு இல்லை, யாரும் கூலி தரப் போவதில்லை. முறையைச் சொல்கிறோம், வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளலாம். பருத்தித் துணியை மட்டும் பிரித்து எடுங்கள். வழுக்கும் துணியையும் நைலக்சையும் கலந்தால் தையல் சுருங்கி இழுக்கும். புதுத் துணித் துண்டை ஒரு முறை அலசிக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் போர்வை முடிந்து துவைக்கும்போது ஒரு துண்டு சுருங்கும், ஒரு துண்டு சுருங்காது. தடித்த அட்டையில் 4 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொண்டு, அதை வைத்தே எல்லாத் துண்டையும் வெட்டுங்கள். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, தைத்த பிறகு ஒவ்வொன்றும் மூன்றரை அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 16 வைத்தால் 42 அங்குலத்துக்கு 56 அங்குலம். ஒரு பிள்ளை போர்த்திக்கொள்ளப் போதும். மொத்தம் 192 துண்டு. ஒரு நாளைக்கு ஐந்தே ஐந்து துண்டு இணைத்தால்கூட 39-ஆம் நாள் முடிந்துவிடும். ஐந்து துண்டு இணைக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது. முதலில் வரிசை வரிசையாக இணைத்து, பிறகு வரிசையோடு வரிசையைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் இஸ்திரி போட்டுப் படியவைத்துவிட்டுச் சேர்த்தால் மூலைகள் சரியாகப் பொருந்தும். பின்பக்கத்துக்கு ஒரு பழைய சேலை போதும்.

எங்கள் வீட்டில் 39 நாளில் முடியவில்லை. ஏழு மாதம் ஆயிற்று. இடையில் மழைக்காலம் வந்தது. மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் கோட்டைவிட்டு வழிந்து மரமெல்லாம் ஓடிவிடும். மரம் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை. தகரக் கூரையின் மேல் மழை விழும் சத்தம் அழகானது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அது பாதி அழகு, பாதி கவலை. ஆனாலும் அப்படிப்பட்ட காலை நேரத்தில்தான், எல்லோரும் வீட்டில் இருக்க, சுடச்சுடக் கோப்பி ஊற்றி வைத்துக்கொண்டு, போர்வையில் இரண்டு வரிசை ஏறும். போன கூலியை நினைத்துக்கொண்டே இருந்தால் மழை நிற்கப் போகிறதா?

அந்தப் போர்வையில் தோட்டமே இருந்தது. இது மண்டோர் மகளின் பாவாடை, இது பால் கொட்டகைக்காரர் வீட்டுக் குழந்தையின் முதல் சட்டை, இது கல்யாணமாகிச் சிகாமட் போன பெரியக்காவின் ரவிக்கை என்று தங்கை விரல் வைத்துச் சொல்வாள். கூலிக்குத் தைத்தபோது அம்மா முகம் கொடுத்துப் பாராத துணிகள்தாம் எல்லாம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எதற்குப் பக்கத்தில் எதை வைக்கலாம் என்று யோசித்தபோதுதான் அவற்றின் நிறமே தெரிந்தது என்று பின்னாளில் அம்மா சொன்னார்கள்.

தையலில் உட்காருகிறவர்கள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசியைப் போன்ற கிட்டத்துப் பொருளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை இறுக்கமாகவே இருக்கிறது. இமைப்பதும் குறைந்து, கண் காய்ந்து எரிகிறது. ஓர் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலையை நிமிர்த்தி, 20 அடிக்கு அப்பால் எதையாவது சற்று நேரம் பார்த்தால் அந்தத் தசை தளரும். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் மலைக்காடு தெரியும். அம்மா நூல் கோக்கும் போதெல்லாம் அதைப் பார்ப்பார்கள். மாலையில் மலை நீலமாகி, பிறகு கறுத்துப் போவது வரை பார்த்துவிட்டு விளக்கேற்றப் போவார்கள். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓய்வெடுப்பதாக நினைக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கண்ணுக்கு அது ஓய்வல்ல, இன்னொரு கிட்டத்து வேலை.

பிறகு காலம் மாறியது. பல தோட்டங்களில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. 1980-களிலும் 1990-களிலும் எத்தனையோ குடும்பங்கள் லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. நாலாவது மாடி, வாசல் என்று சொல்ல ஒரு நடைபாதைதான். சாணி தெளிக்க முடியாது. மாவுக் கோலம் போட்டால் அடுத்த வீட்டுக்காரர் காலில் ஒட்டிக்கொள்கிறது என்றார். அம்மா முதல் இரண்டு மாதம் எதிலும் மனம் செல்லாமல் இருந்தார்கள். மிஷின் மூலையில் கிடந்தது.

ஒரு நாள் தங்கை லயத்து மல்லிகையிலிருந்து ஒடித்து வைத்திருந்த குச்சியை ஒரு பெயிண்டு வாளியில் ஊன்றி, அடியில் ஓட்டை போட்டு, வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தாள். தொட்டியிலும் குண்டுமல்லி நன்றாக வரும். தண்ணீர் தேங்காமலும், அரை நாளாவது வெயில் படும்படியும் பார்த்துக்கொண்டால் போதும். கோலத்துக்குச் சாக்குக்கட்டி. சிறிதாக, ஐந்துக்கு மூன்று, 19 புள்ளி. முதல் நாள் அதைச் சுற்றிக்கொண்டு போனவர், பக்கத்து வீட்டுச் சீன அம்மா. மறுநாள் நின்று பார்த்தார். ஒரு வாரம் கழித்து, அவர் வீட்டுக் காற்சட்டை ஒன்றைக் கொண்டு வந்து, ஓரம் அடித்துத் தர முடியுமா என்று சைகையால் கேட்டார். மூலையில் கிடந்த மிஷினுக்கு அன்று எண்ணெய் போட்டோம்.

போர்வை இப்பொழுது தங்கை வீட்டில் இருக்கிறது. நடுவில் சில துண்டுகள் நைந்துவிட்டன. அவள் பேத்தி அதை விரித்து வைத்துக்கொண்டு, மேலிருந்து மூன்றாவது வரிசையில் இருக்கும் மஞ்சள் பூப்போட்ட துண்டைக் காட்டி, "பாட்டி, இது யார் சட்டை?" என்று போன மாதம் கேட்டாள். "அது என் சட்டைதான்" என்றாள் தங்கை. 1974-ல் பெட்டியிலேயே இருந்துவிட்ட அந்தத் துணியை அம்மா அடுத்த பொங்கலுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். கை மட்டும் கொஞ்சம் நீளம்.